இரவலும் கொடையும்

பொங்கோலின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அமர்ந்து, ஐந்து சிறு துணிப்பைகளை மேலே எறிந்து கையில் ஏந்தும் சிறுமியிடம், “இவ்வாட்டம் யாருடையது?” என்று வினவினால் அவள் நகைப்பாள். அவள் பாட்டி அதனையே கூழாங்கற்களைக் கொண்டு அஞ்சாங்கல் என்னும் பெயரால் ஆடியிருப்பாள். பழந்தமிழ் மகளிர் ஆடிய கழங்கும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. தமிழர் பல்லாங்குழி என்பதன் உறவான ஆட்டத்தை மலாய்க்காரர் சொங்காக் என்பர். குழியின் எண்ணிக்கை மாறும். காயின் பெயர் மாறும். ஆட்டம் ஊர்விட்டு ஊர் செல்லும். இவற்றை ஆட எவரும் எவரிடமும் இசைவு கேட்டதில்லை; எவரும் சீட்டு எழுதித் தந்ததும் இல்லை.

அதே பொங்கோலில் 2024-ஆம் ஆண்டு புதிய வளாகம் கண்ட சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், டிஜிபென் என்னும் அமெரிக்கக் கல்வி நிலையத்தோடு இணைந்து, விளையாட்டு ஆக்கத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பித்து வந்துள்ளது. அங்கே பயிலும் இளைஞரிடம் முன்சொன்ன வினாவைக் கேட்டால் அவர் நகைக்கமாட்டார். இன்று ஆட்டம் ஒரு தொழில். தொழிலுக்கு உடைமை உண்டு. உடைமைக்கு உரிமம் உண்டு. கீழ்த்தளத்துச் சிறுமியின் சிரிப்புக்கும் கல்லூரி இளைஞரின் தயக்கத்துக்கும் இடையே நிகழ்ந்தது யாது? அதனை விளக்க, அண்மைக் காலத்தில் அமெரிக்க ஆட்ட உலகை உலுக்கிய ஒரு வழக்கைக் காண்பது தகும். அது நீதிமன்ற வழக்கு அன்று. ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு. ஆதலின் மொழி கற்பிப்போர்க்கு அது பெரிதும் உரியது.

செய்முறை, சொல், பெயர்

ஓர் ஆட்டத்தில் மூன்று கூறுகள் உள. ஆடும் முறை ஒன்று. அம்முறையை விளக்கும் எழுத்தும் ஓவியமும் மற்றொன்று. ஆட்டத்தின் பெயர் மூன்றாவது. சட்டம் இம்மூன்றையும் ஒரே கண்கொண்டு பார்ப்பதில்லை.

ஆடும் முறை பதிப்புரிமைக்கு உட்பட்டதன்று. கணக்கு எழுதும் புதுமுறை ஒன்றைப் பற்றி நூல் எழுதியவர், அம்முறைக்கே உரிமை கொண்டாட முடியுமா என்ற வினா 1879-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. நூலின் எழுத்துக்கு உரிமை உண்டு, நூல் கற்பிக்கும் முறைக்கு இல்லை என்று அம்மன்றம் தீர்த்தது. பேக்கர், செல்டன் ஆகியோர் பெயரால் வழங்கும் தீர்ப்பு அது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்து உடன்படிக்கையும், பதிப்புரிமை வெளிப்பாட்டுக்கே உரியது, கருத்துக்கும் செய்முறைக்கும் உரியதன்று என வரையறுக்கிறது. அவ்வுடன்படிக்கையை ஏற்ற நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்று.

பெயரின் நிலை வேறு. வடநாட்டுப் பச்சீசி தமிழகத்துத் தாயத்துக்கு உறவான ஆட்டம். அதனைத் தழுவிய ஆட்டம் ஒன்றுக்குச் செல்சோ அண்ட் ரைட்டர் என்னும் அமெரிக்க நிறுவனம் ‘பார்ச்சீசி’ என்னும் பெயரை 1874-இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. பரமபதத்தின் வழித்தோன்றலான பாம்பும் ஏணியும் ஆட்டம், இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சென்றது. அங்கே மில்டன் பிராட்லி நிறுவனம் 1943-இல் பாம்புகளை நீக்கிச் சறுக்குப் பலகைகளை வைத்துப் புதுப் பெயரிட்டு விற்றது. மில்டன் பிராட்லி 1984-இலும், பார்ச்சீசிப் பெயர் 1989-இலும் ஹாஸ்ப்ரோ என்னும் நிறுவனத்தின் வசமாயின. தாயத்தையும் பரமபதத்தையும் இன்றும் எவரும் ஆடலாம். புதிதாய்ச் செய்து விற்கவும் செய்யலாம். பதிவுபெற்ற அந்தப் பெயர்களை மட்டும் இட முடியாது. ஹாஸ்ப்ரோ என்னும் இப்பெயரை நினைவிற் கொள்க. வரவிருக்கும் வழக்கிலும் உடையவர் அவரே.

கதை சொல்லும் ஆட்டம்

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர்: ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர். அவருள் ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் கதையை நடத்துவார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்கும் அவைக்கும் இடையே நிற்பது போல அவர் நிற்பார். கதவின் பின்னே என்ன உளது, காவலன் என்ன சொன்னான் என்பதை அவர் கூறுவார். தாம் என்ன செய்யப் போவதாக மற்றவர் உரைப்பர். முயற்சி பலித்ததா என்பதைத் தாயக்கட்டை போன்ற பகடை முடிவு செய்யும். அப்பகடைக்கு இருபது முகம். இதில் காயும் கட்டமும் இன்றியமையாதன அல்ல; சொல்லே ஆட்டம். இதனைப் பாத்திர ஆட்டம் எனலாம்.

இவ்வகையில் முதன்முதல் அச்சேறி விற்பனைக்கு வந்தது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. நிலவறைகளும் டிராகன்களும் என்பது அதன் பொருள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றிய இதனை, டி.எஸ்.ஆர். என்னும் சிறு நிறுவனம் 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வெளியிட்டது. முதற்பதிப்பு ஆயிரம் படிகளே. அன்று தொட்டு இன்றுவரை அத்துறையில் முதலிடம் பெரும்பாலும் அவ்வாட்டத்துக்கே இருந்து வருகிறது.

இந்த முதன்மைக்குக் காரணம் யாது? ஆட்டத்தின் நயம் மட்டுமன்று. ஒரு மொழியைக் கற்பவர், பேசுவதற்கு ஆள் உண்டா என்று பார்ப்பார். பேசுவோர் மிகுதியாயின் கற்போரும் மிகுவர். கற்போர் மிகுந்தால் நூல்களும் மிகும். பாத்திர ஆட்டமும் அத்தகையதே. தனியே ஆட முடியாது. நண்பர் அறிந்த விதிகளையே தாமும் கற்க வேண்டும். ஆதலின் முதலில் பரவிய விதிகளே மேலும் பரவும். கடைவீதியில் கூட்டம் உள்ள கடைக்கே கூட்டம் சேர்வது போன்றது இது.

படைத்தவரும் அயலாராதல்

விதிகள் பொதுவென்று சட்டம் சொன்னாலும், விதி எங்கே முடிகிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதை அளந்து காட்டும் கோல் இல்லை. அந்த ஐயமே வலியவர் கையில் ஆயுதம் ஆயிற்று. டி.எஸ்.ஆர். தன் ஆட்டத்துக்குத் துணைநூல் வெளியிட்ட மேஃபேர் கேம்ஸ் நிறுவனத்தின்மீது 1990-களின் தொடக்கத்தில் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை விட்டு விலகியிருந்த கைகாக்ஸ் 1992-இல் வேறோர் ஆட்டத்தை இயற்றி வேறொருவர் வழியே வெளியிட்டார். அதன்மீதும் டி.எஸ்.ஆர். வழக்குத் தொடுத்தது. முதல் ஆட்டத்தை ஆக்கியவர் கையே அயல்கையாகக் கருதப்பட்டது.

இத்தனை காவல் காத்தும் டி.எஸ்.ஆர். நிலைக்கவில்லை. கடன்பட்டு நொடித்த அதனை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனத்தையே 1999-இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது.

புதிய உடைமையாளர் மாற்று வழியை மேற்கொண்டனர். 2000-இல் ‘திறந்த விளையாட்டு உரிமம்’ என்னும் ஆவணத்தை வெளியிட்டனர். ரையன் டான்சி என்பார் அதற்கு முன்னின்றார். கணினித் துறையில் கட்டற்ற மென்பொருள் வளர்ந்த வழி அவருக்கு முன்மாதிரி. ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பை எவரும் எடுத்துத் தம் நூலில் ஆளலாம், மாற்றலாம், விற்கலாம். பணம் தரவேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஆட்டத்தின் பெயரும் தனிச்சிறப்பான சில பாத்திரங்களும் மட்டும் விலக்கப்பட்டன.

இது வெறும் வள்ளன்மை அன்று, நுட்பமான வணிகம். நூறு சிறு பதிப்பாளர் நூறு துணைக்கதைகளை எழுதினால், அவற்றை ஆட ஒவ்வொருவரும் அடிப்படை நூலை வாங்கியாக வேண்டும். அந்நூல் விசார்ட்ஸ் நிறுவனத்தது. நன்னூலை எவரும் பயன்படுத்தலாம் என்றதனால் நன்னூலின் ஆட்சி குறைந்ததா? மிகுந்தது. வேலி எடுத்த தோட்டத்துக்கு வழிப்போக்கர் மிகுந்தனர். வழிப்போக்கர் மிகவே தோட்டக்காரர் செல்வாக்கும் மிகுந்தது. பூட்டினால்தான் ஆதிக்கம் வரும் என்பது பொதுவான எண்ணம். இவ்வழக்கில் திறந்ததாலேயே ஆதிக்கம் வேரூன்றியது.

விடுபட்ட சொல்

இனி அந்த ஆவணத்தின் சொற்களைப் பார்ப்போம். உரிமம் ‘நிலைத்தது’ என்று எழுதப்பட்டிருந்தது. உலகெங்கும் செல்லும், கட்டணம் அற்றது என்றும் இருந்தது. ‘மீட்டுக்கொள்ள இயலாதது’ என்ற சொல் மட்டும் இல்லை. மற்றொரு விதியில், உரிமத்தின் புதிய வடிவங்களை நிறுவனம் வெளியிடலாம் என்றும், ‘ஏற்பளிக்கப்பட்ட’ எந்த வடிவத்தையும் பயனர் கைக்கொள்ளலாம் என்றும் இருந்தது. ஏற்பை அளித்தவரே அதனை விலக்கவும் கூடுமோ? அன்று அவ்வினாவை எழுப்பியவர் சிலரே.

நிலைத்தல் வேறு, மீளாமை வேறு. காலவரை குறிக்கப்படாத குடியிருப்பு நிலைத்தது போலத் தோன்றும். ஆனால் வீட்டுக்காரர் ஒருநாள் காலி செய்யச் சொன்னால் அது முடிந்துவிடும். விற்றுப் பட்டா மாற்றிய நிலமோ மீளாது. இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாமலே பலர் அந்த நிலத்தில் வீடு கட்டினர்.

2008-இல் ஆட்டத்தின் நான்காம் பதிப்பு வந்தபோது, அதற்குக் கடுமையான வேறோர் உரிமம் இயற்றப்பட்டது. அதனை ஏற்காத பைசோ என்னும் நிறுவனம், பழைய விதிகளைப் பழைய உரிமத்தின்படியே எடுத்துத் திருத்தி, 2009-இல் ‘பாத்ஃபைண்டர்’ என்னும் தனி ஆட்டமாக வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளின் விற்பனைக் கணிப்பில் அது மூல ஆட்டத்தையே முந்தியது. உரிமம் நிறுவனத்துக்குக் கற்பித்த முதற்பாடம் அது: திறந்த வாயில் வழியே விருந்தினர் மட்டுமல்லர், போட்டியாளரும் வருவர். 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2016-இல் அதன் விதித்தொகுப்பு மீண்டும் திறந்த உரிமத்தின்கீழ் விடப்பட்டது. ஆட்டம் முன்னிலும் ஓங்கியது.

2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், புதிய உரிமத்தின் வரைவு ஒன்று முறைப்படி வெளிவருமுன்பே செய்தியாளர் வாயிலாக வெளிப்பட்டது. பழைய உரிமம் இனி ஏற்பளிக்கப்பட்டதன்று என்று அது கூறியது. ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைக் கடக்கும் பதிப்பாளர், அத்தொகைக்கு மேற்பட்ட வருவாயில் 25 விழுக்காடு வரை தரவேண்டும் என்றது. இலாபத்தில் அன்று, மொத்த வருவாயில் என்பது நோக்கத்தக்கது. இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. பிறர் எழுதும் படைப்பை நிறுவனம் தானும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை அவ்வரைவு கோரியது. அவ்விடத்தில் மட்டும் அவ்வுரிமை ‘நிலைத்தது, மீட்டுக்கொள்ள இயலாதது’ என்று இரு சொல்லும் ஒருங்கே எழுதப்பட்டிருந்தன. கொடுக்கும்போது விடுபட்ட சொல், கொள்ளும்போது இடம்பெற்றது.

“இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்” என்னும் பழமொழி தமிழர் அறிந்ததே. இருபது ஆண்டு வளர்ந்த சிறு பதிப்பகங்களின் நிலை அதுவாயிற்று. எழுத்தாளர், ஓவியர், அச்சிடுவோர் எனப் பலரின் பிழைப்பு அந்த இரவலின்மேல் நின்றது. ஆடுவோரும் சினந்தனர். பல்லாயிரவர் கண்டன மடலில் ஒப்பமிட்டனர். பலர் நிறுவனத்தின் இணையச் சேவைக்குச் செலுத்திவந்த சந்தாவை நிறுத்தினர். திருத்திய வரைவு ஒன்றை வெளியிட்டு நிறுவனம் கருத்துக் கேட்டது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். பழைய உரிமத்தை விலக்குவதை ஏற்கவில்லை என 89 விழுக்காட்டினர் தெரிவித்தனர்.

சனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமம் அவ்வாறே இருக்கும் என்றதோடு, ஏறத்தாழ 400 பக்கமுள்ள விதித்தொகுப்பு முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது உரிமத்தின்கீழ் விட்டது. அவ்வுரிமம் அந்நிறுவனம் எழுதியதன்று. தனியமைப்பு ஒன்று இயற்றியது. ஆக்கியோன் பெயரைச் சுட்டினால் போதும், எவரும் ஆளலாம் என்பது அதன் நிபந்தனை. அதில் அந்த விடுபட்ட சொல் தெளிவாக இருக்கிறது: மீட்டுக்கொள்ள இயலாதது. 2024-இல் திருத்திய பதிப்பின் விதித்தொகுப்பும் 2025-இல் அவ்வாறே விடப்பட்டது. பைசோவும் பிறரும் சேர்ந்து, எந்த ஆட்ட நிறுவனத்துக்கும் உரிமையாகாத வேறொரு பொது உரிமத்தை 2023-இலேயே இயற்றிக்கொண்டனர்.

இதனால் நிறுவனத்தின் ஆதிக்கம் வீழ்ந்ததா? வீழவில்லை. பெயர் அதனுடையதே, கடைகளில் முதலிடமும் அதனுடையதே. ஆயினும் பிறர் வாழ்வு இனி அதன் மனமாற்றத்தைச் சார்ந்து நிற்கவேண்டியதில்லை. பெரியவர் பெரியவராயிருப்பது குற்றமன்று. சிறியவர் கால்வைத்த நிலத்தைப் பெரியவர் சுருட்டிக்கொள்ளக் கூடுமாயிருப்பதே குற்றம்.

தமிழர் கண்ட தீர்வு

தமிழுலகுக்கு இவ்வினா புதிதன்று. 1921-இல் மறைந்த பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் ஆளும் உரிமை, கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தது. அவர் அதனை விலைகொடுத்து முறையாகவே பெற்றிருந்தார். டி.கே.எஸ். உடன்பிறந்தார் 1940-களின் பிற்பகுதியில் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலை ஆண்டபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. நாடே பாடும் பாட்டுக்கு ஒருவர் இசைவு வேண்டுமா என்று எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தனர். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. கவிஞரின் குடும்பத்தாருக்குத் தொகை வழங்கப்பட்டது. மெய்யப்பச் செட்டியார் பொருள் ஏதும் பெறாமல் தம் உரிமையை ஒப்படைத்தார். பின்னர் அரசும் அதனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் மக்களுக்கு விட்டது. எழுத்தாளர் நூல்களை நாட்டுடைமையாக்கும் மரபு தமிழ்நாட்டில் இவ்வாறே தொடங்கியது.

இரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். இரண்டிலும் மக்களே ஒரு படைப்பைப் பெரிதாக்கினர். பாடிப் பாடிப் பாட்டையும், ஆடி ஆடி ஆட்டத்தையும் வளர்த்தனர். இரண்டிலும் உரிமை ஒரு கையில் இருந்தது. ஒன்றில் அரசு தலையிட்டது. மற்றொன்றில் ஆடுவோர் திரண்டனர். தீர்வு ஒன்றே: இரவலாக இருந்தது கொடையாக மாறியது. கொடை என்பது கொடுத்தவர் நினைத்தாலும் திரும்பாதது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

அமெரிக்க ஆட்டத்தைப் பற்றிச் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் ஏன் கவலைப்பட வேண்டும் எனலாம். வகுப்பறையில் சொல்லட்டை விளையாட்டும், எழுத்துப் பகடையும், பழமொழிப் பரமபதமும் ஆக்குவோர் அவர்களே. ஒருவர் செய்தது அடுத்த பள்ளிக்குச் செல்கிறது; மூன்றாம் பள்ளியில் திருத்தம் பெறுகிறது; சில ஆண்டில் யார் செய்தார் என்பதே மறந்துபோகிறது. நல்லெண்ணம் உள்ளவரை இடையூறு இல்லை. அவ்வாட்டத்தை ஒருவர் அச்சிட்டு விற்க முனையும் நாளில்தான் வினா எழும்.

சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021-இல் புதுக்கப்பட்டு அவ்வாண்டு நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. படைத்தவர் பெயரைச் சுட்டவேண்டும் என்னும் உரிமையை அது தந்துள்ளது. அதே வேளை, பணியின் பகுதியாக ஒருவர் ஆக்கியதன் உரிமை, வேறு உடன்பாடு இல்லையாயின், பணியமர்த்தியவரைச் சேரும். ஆதலின் ஆட்டம் ஒன்றைப் பிறர்க்கு வழங்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதி வைப்பது நன்று. இது வழங்குபவருக்கு உரியதா, பள்ளிக்கு உரியதா? பெறுபவர் மாற்றவும் விற்கவும் கூடுமா? தந்த இசைவைத் திரும்பப் பெற முடியுமா, முடியாதா? மூன்றாவது வினாவைக் கேளாமல் விட்டதனாலேயே அமெரிக்கப் பதிப்பாளர் இருபது ஆண்டு கழித்து இடர்ப்பட்டனர்.

விதிகள் இலக்கணம் போன்றவை. அவற்றைக்கொண்டு ஆக்குவன இலக்கியம் போன்றவை. இலக்கியத்துக்கு ஆசிரியர் உண்டு. அவர் உழைப்புக்குக் கூலியும் உண்டு. இலக்கணமோ பேசுவோர் அனைவர்க்கும் பொது. இதனை எண்ணத்தில் மட்டும் வைத்துக்கொள்வது போதாது, எழுத்திலும் வைக்கவேண்டும். கீழ்த்தளத்துச் சிறுமி எவரையும் கேளாமல் ஆடுவதற்குக் காரணம், அவள் பாட்டிமார் அதனை மீளாக் கொடையாக விட்டுச் சென்றதே. அவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கவேண்டிய காலமும் அன்று இல்லை. இன்று ஆட்டம் ஆக்குவோர் பேத்திமார்க்கு அதே உரிமையை விட்டுச் செல்ல விரும்பினால், விடுபட்ட அந்த ஒரு சொல்லைத் தம் கையாலேயே எழுதவேண்டும்.